நான்காம் நிரைக்கும் ஐந்தாம் நிரைக்கும் நடுவில்

ஜூன் 22, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்கு வாளி, இன்னொன்றுக்குப் பெரிய சோற்றுப் பானை. சாறிகள் காயவில்லை.

மதியம் நானும் அண்ணியும் பஸ் பிடித்துத் தலவாக்கலைக்கு. ரிஸானாவின் போட்டோகொப்பிக் கடை, பின்னறை. முதல் தொகுதிப் படங்கள் வந்துவிட்டன.

இதில் எப்படி மாட்டினேன் என்பதை எழுதி வைக்க வேண்டும். பிறகு நானே நம்பமாட்டேன். சிறுகோள் தேடும் போட்டி ஒன்றுக்குப் பேர் கொடுத்திருந்த பள்ளிக்கூடம் பரீட்சை என்று விலகிக்கொண்டது. அவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக்கொடுத்த ரிஸானாவுக்கு மனது கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம், மூன்று பேர் போதும் என்று போட்டிருந்ததாம். குழுத் தலைவி என்று தன் பேரை எழுதினாள். ஏ.எல். விஞ்ஞானம் பாதி படித்தவள் என்று என் பேர். அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி அந்தக் கடையில் என்னோடு நின்ற பாவத்துக்கு மூன்றாவது பேர் அண்ணியுடையது. அண்ணன் பெண்டாட்டி லெட்சுமி. ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் அவள் அளவுக்குக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது.

வேலை இவ்வளவுதான். எங்கோ கடல் நடுவே ஒரு தீவு, அதில் ஒரு மலை, மலை உச்சியில் தொலைநோக்கி. அது வானத்தில் ஒரே இடத்தைக் கொஞ்சம் கொஞ்சம் நேரம் விட்டு நான்கு தடவை படம் எடுத்து அனுப்புகிறது. நான்கையும் மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரம் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கள் மட்டும் நகரும். நேர்கோட்டில், ஒரே வேகத்தில். நான்கில் மூன்று படத்திலாவது தெரிந்தால்தான் கணக்கு. இல்லாவிட்டால் கள்ளப் புள்ளி. கமராவின் அழுக்கு, அல்லது வேறு ஏதாவது.

ஏற்கெனவே தெரிந்த கற்களின் பக்கத்தில் கணினியே இலக்கம் போட்டுவிடுகிறது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "அங்கயும் செக்ரோல் நம்பரு தானா?" என்றாள். தோட்டத்துப் பேரேட்டில் தொழிலாளிக்கும் இலக்கம்தான்.

"பேரும் இருக்கு அண்ணி. ஆனா எல்லாத்துக்கும் இல்ல."

"அதான பாத்தேன்."

ஒரு படத்தில் ஆயிரம் புள்ளி. கண் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. ரிஸானாவும் நானும் முழித்தோம். அண்ணி கேட்டாள், "மலையில என்னா செய்யிறோம்? நிரை பிரிச்சுக்கங்க." கொழுந்து எடுக்க ஆளுக்கு ஒரு செடி வரிசை, அதுதான் நிரை. ரிஸானாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல். திரையில் மேலிருந்து கீழாக ஐந்து நூலை டேப் போட்டு ஒட்டி ஆறு நிரை. 1, 2 ரிஸானாவுக்கு. 3, 4 அண்ணிக்கு. 5, 6 எனக்கு. உயரம் குறிக்கத் திரை ஓரத்தில் அடிமட்டம்.

மலைச் சட்டமும் கூடவே வந்தது. அடுத்தவள் நிரையில் கை வைக்கக்கூடாது, கண்ணும் வைக்கக்கூடாது. அவரவர் முறை வரும்போது இரண்டு பக்கமும் கொப்பி அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தோம். ரிஸானாவின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மூன்று மணி நேரம். இலக்கம் போட்ட கல் ஐந்து. புதியது ஒன்றும் இல்லை. கண் எரிச்சல்.

ஜூன் 23, திங்கள்

தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் (இனி பி.கா.) இன்றைக்குப் பதினான்கு பிள்ளைகள். நிறை பார்க்கும் நாள். தராசில் உட்கார மாட்டேன் என்று மூன்று பேர் அழுகை, அதைப் பார்த்து மீதிப் பேரும் அழுகை. சத்துமா இன்னும் வரவில்லை. கேட்டால் நாளை என்கிறார்கள், போன வாரமும் நாளைதான்.

நேற்று அடித்துவிட்ட கள்ளப் புள்ளிகளை ரிஸானா ஒரு பழைய பில் புத்தகத்தில் எழுதினாள். அதில் பிளேன்டி கோப்பை கவிழ்ந்துவிட்டது. நல்லதாக எழுதித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். இங்கேயும் ஒரு பிரதி:

1ஆம் நிரை, மேலிருந்து 4 செ.மீ. ஒரு படத்தில் மட்டும்.
2ஆம் நிரை, 17. ஒரு படத்தில் மட்டும்.
4ஆம் நிரை, வலது ஓரம், 11. முதல் இரண்டு படத்தில்.
5ஆம் நிரை, இடது ஓரம், 11ஐ விடக் கொஞ்சம் கீழே. கடைசி இரண்டு படத்தில்.
6ஆம் நிரை, 2. ஒரு படத்தில். நீளமாக, கோடு மாதிரி.

அண்ணன் இரண்டு தகரம் கொண்டுவந்து கூரையில் வைத்தான். ஒழுகல் இப்போது மூன்று இடத்தில்.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பாடு பிறகு. முதலில் எழுதிவிடுகிறேன்.

பகல் ஒரு மணி. பி.கா.வில் பிள்ளைகள் எல்லாம் தூக்கம். நேற்று எழுதிய பட்டியலைச் சும்மா புரட்டினேன். 4ஆம் நிரை வலது ஓரம், 11. 5ஆம் நிரை இடது ஓரம், 11க்குக் கொஞ்சம் கீழே. ஒன்று முதல் இரண்டு படத்தில், மற்றது கடைசி இரண்டு படத்தில்.

இரண்டும் ஒன்றுதானே.

நூலைத் தாண்டியிருக்கிறது. அண்ணியின் நிரையில் நடந்து வந்து, நூலுக்கு இந்தப் பக்கம் என் நிரையில் நடந்து போயிருக்கிறது. அவளுக்கு இரண்டு படம், எனக்கு இரண்டு படம். இரண்டு பேரும் அட்டையால் மறைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக, கள்ளப் புள்ளி என்று அடித்துவிட்டோம். உலகத்தில் வேறு எந்தக் குழுவும் இந்தப் பிழையைச் செய்திருக்காது.

இந்தத் தொகுதிக்கு அறிக்கை அனுப்ப நாளை மாலை ஐந்து மணிதான் கடைசி. ரிஸானாவுக்கு ஃபோன். அவள் கந்தப்பளையில், தாத்தா வீட்டில். தாத்தா என்றால் அவர்களுக்கு அக்கா. பிள்ளை பிறந்திருக்கிறது.

"ஆம்பிளப் புள்ள. அல்ஹம்துலில்லாஹ். நீங்க என்ன, ஒரு மாதிரி பேசுறீங்க?"

சொன்னேன். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "சாவி பக்கத்து பேக்கரில இரிக்கு, எடுங்க. கம்பியூட்டர் தொறக்கிற எழுத்து மேசைக்கு அடியில ஒட்டி இரிக்கு. ஓடுங்க புவனாக்கா."

நாலரைக்குக் கடைசிப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மழை. அண்ணி அப்போது மலையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றிருப்பாள். தனியாகத்தான் போனேன்.

திரையில் அண்ணி நிரைக்கும் என் நிரைக்கும் நடுவில் இருந்த நூலைப் பிய்த்தேன். நான்கு படத்தையும் ஓடவிட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மங்கலாக ஒரு பொட்டு. வளையாமல், நிற்காமல், ஒரே அளவு எட்டு வைத்து நகர்ந்தது. பக்கத்தில் இலக்கம் இல்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நகர்ந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு இருந்தேன், அழுகையும் வந்தது.

நான்கு இடத்தையும் அளந்து அறிக்கையில் நிரப்பினேன். கடைசியில் ஒரு வரி: முதலில் கண்டவர். ஒரே ஒரு கோடு.

என் பேரை எழுதினேன். அனுப்பினேன்.

அவசரத்தில் என்று எழுதப்போனேன். பொய். நாளை மாலை வரை நேரம் இருந்தது. இன்றைக்கு வீட்டில் அண்ணியிடம் சொல்லி, நாளைக்கு அனுப்பியிருக்கலாம். பத்தொன்பது வயதில் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு வருஷம், அப்பா படுத்த படுக்கையாகி அடுத்த வருஷம். அதோடு நின்றது என் விஞ்ஞானம். இப்போது முப்பத்தொன்பது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது அது எனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

வரும் வழியில் பேக்கரியில் பாண் இரண்டு. அண்ணியிடம், "நம்ம நிரைக்கு நடுவுல ஒண்ணு மாட்டிருக்கு அண்ணி, அனுப்பியாச்சு," என்று மட்டும் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சட்டை முழுக்கத் தேங்காய்ப் பூ.

ஜூன் 25, புதன்

மழை இல்லை. சாறி காய்ந்தது.

பி.கா. வாசலில் பிள்ளைகளை விட வந்த பெண்களிடம் அண்ணியின் குரல். நான் உள்ளே கஞ்சி கலக்கிக்கொண்டிருந்தேன்.

"என் நிரை ஓரத்துல வந்து புவனா நிரைக்குள்ள போயிருச்சு அது. ரெண்டு பேரும் கழிச்சு விட்டுட்டோம். அவ தான் கண்டுபுடிச்சு ஒண்ணு சேத்தா. படிச்ச புள்ளைல்ல."

"பேரு வருமா அக்கா?"

"வரும் வரும். ரெண்டு பேரு பேரும் போயிருக்கு."

கஞ்சியில் உப்பு இரண்டு தடவை. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

ஜூன் 27, வெள்ளி

பதில் வந்தது. ரிஸானா கந்தப்பளையிலிருந்து வந்துவிட்டாள், ஃபோனில் படிக்காமல் என்னை நேரில் வரச்சொன்னாள்.

நல்ல செய்தி: அளவுகள் சரி. முதற்கட்டக் கண்டுபிடிப்பு என்று ஏற்றிருக்கிறார்கள். பிரதான பட்டையில் உள்ள சிறுகோள், இதுவரை யாரும் குறித்ததாகத் தெரியவில்லை.

நல்லதல்லாத செய்தி: இது மட்டும் போதாது. அடுத்த சில நாட்களில் வேறு தொலைநோக்கி எதுவாவது இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் தொலைந்துபோகும். எங்கே போனது என்று சொல்ல ஒரே ஒரு மணி நேரத்துப் பாதைதான் கையில்.

ரிஸானா திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "அக்கா, இதில உங்கட பேர் மட்டும் தான் இரிக்கு."

"ஒரு கோடு தான் இருந்துச்சு."

"ஒரு கோட்டில ரெண்டு பேர் எழுதேலாதா?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் செய்த பலகாரத்தில் மிச்சம் இருந்ததைப் பொட்டலம் கட்டி, "இது லெட்சுமி அக்காக்கு," என்று கொடுத்தாள். எனக்கு இல்லையாம்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டாவது தொகுதி. மூன்று பேரும் போனோம். அண்ணி நல்ல சாறி உடுத்தி, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போவது மாதிரி வந்தாள்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை கண்டக்டர் வந்தார். இரண்டாவது தடவை அண்ணி தூங்கிவிட்டாள். மூன்றாவது தடவைக்குக் காரணம் இல்லை.

புதியது ஒன்றும் இல்லை. இலக்கம் போட்ட கல் மூன்று. எங்கள் கல்லை மீண்டும் பார்த்தார்களா என்ற செய்தியும் இல்லை.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பி.கா.வுக்கு நகவெட்டி, சின்ன வெங்காயம், மண்ணெண்ணெய்.

ஜூலை 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பீலியடியில். மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீர், இந்த மழைக்குத் தடதடவென்று கொட்டியது. நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள், அட்டை கடித்த இடத்தில் ரத்தம். குடத்தை வைத்துவிட்டுச் சொன்னேன். என் பேரை மட்டும் எழுதினேன், நேரம் இருந்தும் கேட்கவில்லை, வேண்டுமென்றே செய்தேன்.

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. காலைக் கழுவி முடித்து, சாறியை இறக்கிவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

"என் கூடைக் கொழுந்த அள்ளி ஒன் கூடையில போட்டு நிறுத்திருக்க."

அவ்வளவுதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மலையில் ஒருத்தியைப் பார்த்து இதைவிடக் கேவலமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் இப்படிச் செய்த ஒருத்தியோடு இன்னும் யாரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

ஜூலை 2, புதன்

வரிசை வீடான எங்கள் லயத்தில் அண்ணியின் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் இருமினால் அவளுக்குக் கேட்கும். இன்றைக்கு நான் பேச்சுக் கொடுத்த போதெல்லாம் அந்தப் பக்கம் ரேடியோ சத்தம் கூடியது.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். "கருவேப்பில இருக்கான்னு கேக்கச் சொன்னா."

"அவங்களயே வந்து பறிச்சிக்கச் சொல்லு."

போய்விட்டு வந்தான். "வேணாமாம்." என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னா தான் நடக்குது இங்க? ஆகாசத்துல ஒரு கல்லுக்கு லயத்துல சண்டையா?"

ஆமாம் அண்ணா. அதுதான்.

ஜூலை 3, வியாழன்

போட்டியை நடத்துகிறவர்களின் கொழும்பு ஒருங்கிணைப்பாளர் இஷாரா என்ற சிங்களப் பெண். ரிஸானாவிடம் ஃபோன் இலக்கம் வாங்கி, பி.கா. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பேசினேன். என் சிங்களம் கடைக்குப் போதும், இதற்குப் போதுமா என்று பயம். முதலில் தாளில் எழுதி வைத்துப் படித்தேன்.

பேரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். எழுத்துப் பிழையா என்று கேட்டாள். இல்லை, ஆளே பிழை என்றேன்.

கொஞ்சம் சிரித்தாள். "பய வென்ன எபா மிஸ், நம ஹதன்ன புளுவன்." பயப்பட வேண்டாம், பேரைத் திருத்தலாமாம். குழுத் தலைவி ஒரு கடிதம் அனுப்பினால் போதும். கூடவே ஒன்று சொன்னாள். இன்னும் யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. இரண்டு இடத்தில் மேகம். பார்க்காவிட்டால் யார் பேராக இருந்தாலும் ஒன்றுதான்.

மாலையில் கடைக்குப் போய் ரிஸானாவை அனுப்பச் சொன்னேன். என் பேரை எடுத்துவிட்டு அண்ணி பேரைப் போடச் சொல்லி.

"ரெண்டையும் போடுவமே."

"இல்ல. எடுத்துரு."

அடித்தாள், ஆனால் முகம் நன்றாக இல்லை. "நீங்க தண்டன குடுக்கிறீங்களா, திருத்துறீங்களா?" என்று கேட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

மூன்றாவது தொகுதி, கடைசித் தொகுதி. அண்ணி வரவில்லை. கூப்பிட்டேன், ரேடியோ பதில் சொன்னது.

ரிஸானாவும் நானும். அவள் 1, 2, நான் 5, 6. நடுவில் 3, 4 பார்க்க ஆளில்லை. நானே அட்டையை எடுத்து 3இல் ஆரம்பித்தேன். என் கண் அண்ணியுடையது அல்ல. அவள் ஒரு தடவை பார்த்து முடிக்கும் இடத்தை நான் நான்கு தடவை பார்த்தேன், அப்போதும் நிச்சயம் இல்லை. கொழுந்து எடுப்பதில் மட்டும்தான் கெட்டி என்று அவளை நினைத்திருந்த எனக்கு நன்றாக வேண்டும்.

மூன்றரை மணி இருக்கும். கடை வாசலில் குடை மடக்கும் சத்தம்.

"என் நிரையில யாரு கைய வச்சது?"

எழுந்து நகர்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் கதிரையில் உட்கார்ந்தாள். அட்டையை வாங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அட்டையைக் கீழே வைத்துவிட்டு ரிஸானாவிடம் நூல் கேட்டாள். ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில், விரல் இடை விட்டு இன்னொரு நூலை ஒட்டினாள்.

"இந்த நடுவுல இருக்கிறது ரெண்டு பேரும் பாக்கணும். இனிமே ஒண்ணும் தாண்டிப் போயிறக் கூடாது."

ரிஸானா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர், புள்ளி எல்லாம் இரண்டாகத் தெரிந்தது.

பஸ்ஸில் ஒரே சீட். இறங்கும்போது என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஜூலை 9, புதன்

செய்தி இல்லை. ரிஸானா மணிக்கொரு தடவை பார்க்கிறாளாம், போட்டோகொப்பி எடுக்க வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு.

சத்துமா வந்தது. காலாவதியாக இரண்டு நாளே இருக்கிற பொதிகளும் நடுவே கலந்து. திருப்பி அனுப்பக் கடிதம் எழுத வேண்டும்.

அந்தக் கல் பற்றியே நினைப்பு. பெரிதாக ஒன்றும் இருக்காது. எங்கள் டிவிஷன் அளவு இருக்கலாம், அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம். எத்தனையோ காலமாக யாரும் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, இனியும் சுற்றும். நாங்கள் பார்த்ததால் அதற்கு ஒன்றும் இல்லை. எங்களுக்குத்தான். யாராவது அதைத் திரும்பப் பார்த்துவிடட்டும். பேர் யாருடையதாகவும் இருக்கட்டும். போன வாரம் இப்படி எழுதியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

அண்ணி இன்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கருவேப்பில இருக்கா?" என்றாள். அவளே வந்து பறித்துக்கொண்டு போனாள். தேவைக்கு அதிகமாகவே.

ஜூலை 12, சனி

காலை பத்து மணிக்கு ரிஸானாவின் ஃபோன். முதலில் அழுகைச் சத்தம் மட்டும். தாத்தாவின் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று உயிரே போனது.

"பாத்துட்டாங்க அக்கா. ரெண்டு எடத்தில பாத்துட்டாங்க."

பி.கா. பிள்ளைகளை எல்லாம் கைதட்டச் சொன்னேன். எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள். ஒருத்தன் நிறுத்தவே இல்லை.

மலைக்கு ஆள் அனுப்பாமல் நானே ஏறினேன். கங்காணி, "என்னாங்க டீச்சர், புள்ளைகள யாரு பாக்குறா?" என்றார். ஆயாவிடம் விட்டு வந்ததைச் சொன்னேன். அண்ணி ஆறாவது நிரையில். மூச்சு வாங்கிச் சொன்னேன். இரண்டு கையும் செடி மேலேயே நின்றுவிட்டன. "நெசமா?" என்றாள். நிஜம் என்றேன். பக்கத்து நிரைப் பெண்கள் எல்லாம் கூவ, பள்ளத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்த கவ்வாத்து ஆட்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். மூன்று வாரத்தில் முதல் முழு வெயில். பாய் தலையணை எல்லாம் வெளியில்.

இரண்டு மணிக்குக் கடை. அண்ணன் கூட வந்தான், கடை வாசலில் நின்றுகொண்டான்.

ரிஸானா கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னாள். இனி அதற்குத் தற்காலிகக் குறியீடு உண்டு. ஆண்டு, பிறகு எழுத்துகள், எண். சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய நான்கு வருஷம் எடுக்கலாம். பல தடவை பார்த்து, பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர இலக்கம். அதன் பிறகு கண்டவர்கள் பேர் முன்மொழியலாம். அதற்கு எத்தனையோ வருஷம் ஆகும்.

"ஆகட்டும்," என்றாள் அண்ணி. "எனக்கு இப்ப நாப்பத்தாறு. நான் எங்க போகப் போறேன்?"

பிறகு ரிஸானா தயங்கினாள். ஒரு படிவம் வந்திருக்கிறது. கண்டவர் பேர் சரியா என்று பார்த்து உறுதிப்படுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். இப்போது அதில் இருப்பது லெட்சுமி என்ற பேர் மட்டும்.

அண்ணி கேட்டாள், "இவ பேரு எங்க?"

"நான் தான் எடுக்கச் சொன்னேன்," என்றேன்.

"எப்ப?"

"அன்னைக்கு. ஒங்ககிட்ட சொன்னதுக்கு அப்பறம்."

"யாரக் கேட்டு எடுத்த?"

திரை ஓரத்து டேப்பைச் சுரண்டினேன்.

"மொதல்ல என்னக் கேக்காம ஒன் பேரப் போட்ட. பெறகு என்னக் கேக்காம என் பேரப் போட்டுட்ட. ரெண்டு வாட்டியும் நான் எங்க இருந்தேன், செத்தா போயிட்டேன்?"

அடி வாங்கியது போல் இருந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. இந்தப் பத்து நாளும் என்னைப் பெரிய நியாயவாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாதி எனக்குத் தெரிஞ்சது, பாதி ஒனக்குத் தெரிஞ்சது," என்றாள். "நான் ரெண்டு படத்தப் பாத்துட்டு விட்டவ. நீ இல்லாட்டி அது குப்பையில தான் கெடக்கும். ஒன் பங்க எங்கிட்டத் தள்ளிட்டு நீ நல்லவளாப் போயிரலாம்னு பாக்குறியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப என்னா?"

"மன்னிச்சிருங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ரிஸானாவிடம் திரும்பினாள். "எத்தன கோடு இருக்கு அதுல?"

"எத்தன வேணும்னாலும் போடலாம்," என்றாள் ரிஸானா. வாசலில் நின்ற அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

ரிஸானா படிவத்தில் இரண்டு பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட, அண்ணியின் பேரை அழித்துவிட்டு, தானே திரும்ப அடிக்கப் போனாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தானே அடிக்க வேண்டுமாம். ஆங்கில எழுத்தில் வேண்டுமே. ரிஸானா ஒரு பில்லின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினாள். அண்ணி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டாள். வலது கை சுட்டுவிரல், தோல் வெடித்து, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்தது. பில்லை ஒரு பார்வை, தட்டச்சுப் பலகையை ஒரு பார்வை. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அமுக்கினாள். ஒரு தடவை தப்பு, அழித்து மறுபடி. கடைக்கு வந்த ஒருவரை அண்ணன் வாசலிலேயே கை காட்டி நிறுத்திவிட்டான்.

கடைசி எழுத்தை அமுக்கிவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, படித்துப் பார்த்திருப்பாள். பிறகு தட்டச்சுப் பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"ஒன் பேர நீ அடி."

அடித்தேன்.